இலண்டன் மண்ணடியில் ஒரு கோயில்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

  

குடமுழுக்கு நாளில் கோயிலின் பெருமையைப் பேசுவது மரபு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றின் சிறப்பையும் பெரியோர் பலர் எடுத்துரைத்தனர். இப்பேச்சு சற்றே வேறு திசையில் செல்வது. கடல் கடந்த ஓர் ஊரில், பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்து, பின் வெளிப்பட்ட ஒரு சிறு கோயிலின் வரலாறு இது. அக்கோயிலில் இன்று வழிபாடு இல்லை. அதற்குரிய அடியாரும் இல்லை. ஆயினும் அது வெளிப்பட்ட நாளில் இலட்சக்கணக்கான மக்கள் காத்துக் கிடந்து கண்டனர்.

கோயில் என்பது எது? கல்லால் எழுப்பிய கட்டடமா? அக்கட்டடம் நிற்கும் நிலமா? அங்கு வந்து தொழுதவர்களின் நினைவா? திருப்பணி செய்வோர் ஒவ்வொருவரும் என்றேனும் எதிர்கொள்ளும் வினா இது. இதே வினா ஆகம நூல்களை அறியாத இலண்டன் மாநகரத்து மக்கள் முன் 1954-ஆம் ஆண்டில் எழுந்தது. முதலில் அவர்கள் கண்ட விடை பிழைபட்டது. அப்பிழை திருந்த 63 ஆண்டுகள் ஆயின.

அடுக்கடுக்காய் உயர்ந்த நிலம்

நெடுங்காலம் மக்கள் வாழும் ஊரின் நிலம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வீடு இடிந்தால் அம்மண்ணைச் சமன் செய்து அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுகின்றனர். தெருவுக்குக் கப்பி இட்டு இட்டு உயர்த்துகின்றனர். சாம்பலும் குப்பையும் உடைந்த கலங்களும் சேர்கின்றன. பழங்கோயில்கள் சிலவற்றில் தெருவிலிருந்து படி இறங்கி உள்ளே செல்ல வேண்டியிருப்பது இதனால்தான். கோயில் தாழ்ந்துவிடவில்லை, ஊர் உயர்ந்துவிட்டது.

இலண்டன் இதற்குச் சிறந்த சான்று. தேம்ஸ் ஆற்றின் வடகரையில் ஏறத்தாழ கி.பி. 50-இல் உரோமர் அவ்வூரை அமைத்தனர். இலண்டினியம் என்பது அதன் அந்நாளைய பெயர். இரண்டு தாழ்ந்த மேடுகளுக்கு நடுவே வால்புரூக் என்னும் சிற்றோடை ஓடித் தேம்ஸில் கலந்தது. ஊர் தோன்றிப் பத்தாண்டு சென்று, கி.பி. 60 அல்லது 61-இல், பூடிக்கா என்னும் அரசி உரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து அதனைத் தீக்கிரையாக்கினாள். தீயில் வெந்து சிவந்த அந்த மண் அடுக்கு இன்றும் அந்நகரில் ஆழத் தோண்டுவோர்க்குத் தென்படுகிறது. உரோமர் ஊரை மீண்டும் கட்டினர். இரண்டாம் நூற்றாண்டில் மற்றொரு பெருந்தீ. அதற்கு மேலும் ஓர் அடுக்கு. கி.பி. 200-ஐ ஒட்டி ஊரைச் சூழக் கல் மதில் எழுந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம ஆட்சி அத்தீவிலிருந்து நீங்கவே, மதிலுக்குள் இருந்த ஊர் பாழ்பட்டது. உரோமக் கட்டடங்களின்மேல் கரிய மண் படிந்தது.

பின்வந்த சாக்சானியர் முதலில் பழைய மதிலுக்கு மேற்கே குடியேறினர். கி.பி. 886-இல் ஆல்பிரடு மன்னர் மதிலுக்குள் ஊரை மீண்டும் நிலைநாட்டினார். அதன்மேல் இடைக்கால நகரம் வளர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் வால்புரூக் ஓடை மூடப்பட்டு அதன்மேல் வீடுகள் எழுந்தன. 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயில் 13,000-க்கு மேற்பட்ட வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிக நிலையங்களும் அவற்றின் ஆழ்ந்த நிலவறைகளும் தோன்றின. இவ்வாறு உரோமர் நடந்த தரை, இன்றையோர் நடக்கும் தரைக்கு இருபது அடிக்கும் கீழே போயிற்று. ஓடை என்பதே மறைந்து, வால்புரூக் என்பது ஒரு தெருவின் பெயராக மட்டும் எஞ்சியது.

இடிபாடுகளுக்கிடையே ஓர் ஆராய்ச்சி

1940 செப்டம்பர் முதல் அந்நகரின்மீது செர்மானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இரவில் மூண்ட தீ, பழைய நகரின் பெரும்பகுதியைச் சூழ்ந்துகொண்டது. போர் முடிந்தபோது மதிலகத்து நிலத்தில் பல இடங்கள் வெறும் இடிபாடாகக் கிடந்தன. அழிவிலும் ஒரு வாய்ப்பு இருந்தது. பல நூற்றாண்டுகளாகக் கட்டடங்கள் மூடி நின்ற நிலம் முதல் முறையாகத் திறந்து கிடந்தது. புதிய கட்டடங்கள் எழுவதற்குள் அதனை ஆராய்ந்துவிட வேண்டும் என்று கருதிய அறிஞர்கள், 1946-இல் உரோம, இடைக்கால இலண்டன் அகழாய்வுக் குழுவை நிறுவினர். வில்லியம் பிரான்சிஸ் கிரைம்ஸ் என்பார் அதன் அகழாய்வுகளை நடத்தினார்.

கிரைம்ஸ் இலண்டன் அருங்காட்சியகத்தின் தலைவர். அப்பதவியில் அவருக்கு முன்பு இருந்தவர் மார்ட்டிமர் வீலர். 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்து, 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்து, தமிழகத்துக்கும் உரோமருக்கும் இருந்த வாணிபத்தை உறுதிப்படுத்தியவர் அவரே. இவர்கள் கையாண்ட முறை ஒன்றே: பொருளைத் தேடிப் பள்ளம் பறிப்பது அன்று, மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, எந்த அடுக்கில் எது கிடந்தது என்பதை வரைந்தும் எழுதியும் வைப்பது. ஒரு நாணயம் எந்த அடுக்கில் இருந்தது என்று தெரிந்தால், அவ்வடுக்கு அந்நாணயத்துக்கு முற்பட்ட காலத்தது ஆகாது என்பது உறுதியாகும். குறிப்பின்றி எடுத்த பொருள் காட்சிக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

1952-இல் கிரைம்ஸ் வால்புரூக் தெருவை ஒட்டிய இடிபாட்டில் அகழத் தொடங்கினார். கோயிலைத் தேடி அவர் அங்கே செல்லவில்லை. மறைந்துபோன ஓடையின் போக்கையும் அகலத்தையும் அறிவதே நோக்கம். ஆட்ரி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் களத்தில் உடனிருந்து பணியை மேற்பார்வையிட்டார். பொருள் வசதி குறைவு, ஆட்களும் சிலரே. கட்டட உரிமையாளர் குறித்த நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. அந்நிலையில்தான் ஓடைக்கரையில், ஒரு முனை அரைவட்டமாக வளைந்த சுவர் ஒன்று வெளிப்பட்டது.

சிறு கோயில், பெரும் செய்தி

கட்டடத்தின் நீளம் ஏறத்தாழ 60 அடி. அகலம் 26 அடி. வாயில் கிழக்கே, அரைவட்டச் சுவர் மேற்கே. வாயிலைக் கடந்து படி இறங்கினால் நீண்ட நடுக்கூடம். அதன் இருமருங்கும் வரிசைக்கு ஏழாகத் தூண்கள். தூண்களுக்கு அப்பால், அடியார் அமர்வதற்குத் திண்ணை போன்ற பக்கக் கூடங்கள். மேற்குக் கோடியில் உயர்ந்த மேடை. அதுவே தெய்வ உருவம் இருந்த இடம். அதனருகே ஒரு மூலையில் கிணறு. ஏறத்தாழ கி.பி. 240-இல் இக்கோயில் கட்டப்பட்டது என்பது ஆய்வின் முடிபு.

ஓடைக்கரை ஆதலின் ஈரம் ஓயவில்லை. நடுக்கூடத்தின் தரையை மீண்டும் மீண்டும் உயர்த்த நேர்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட தரைகள் ஒன்பதை ஆய்வாளர் கண்டனர். தூண்களின் அடிப்பகுதியே தரைக்குள் மறையும் அளவுக்கு மண் ஏறியது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடம் பழுதுற்றது, தூண்கள் எடுக்கப்பட்டன, திருவுருவங்கள் தரைக்கடியில் புதைக்கப்பட்டன. அதன் பின்னரும் அவ்விடம் கைவிடப்படவில்லை. வேறொரு தெய்வத்துக்கு, பெரும்பாலும் பாக்கசு என்னும் தெய்வத்துக்கு, உரிய கோயிலாக அந்நூற்றாண்டின் பிற்பகுதி வரை அது வழங்கியது. அந்த ஒன்பது தரைகளும் ஒரு செய்தியைச் சொல்கின்றன: நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் அக்கோயிலுக்குத் திருப்பணி செய்தனர். அவர்கள் பெயர் தெரியவில்லை. அவர்கள் இட்ட தரை மட்டும் தெரிகிறது.

ஒருவர் பெயர் மட்டும் தெரிகிறது. 1889-இலேயே வால்புரூக் பகுதியில் ஒரு சலவைக்கல் சிற்பம் கிடைத்திருந்தது. அது இக்கோயிலுக்கே உரியது என்பது அறிஞர் கருத்து. நடுவே காளையை வெல்லும் தெய்வம். சுற்றிலும் பன்னிரு இராசிகள். அதில் பொறித்த எழுத்துகள் அதனை அளித்தவர் இன்னார் என்கின்றன: உல்பியசு சில்வானசு, அகஸ்டஸ் பெயர் பூண்ட இரண்டாம் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வீரர். தம் நேர்த்திக்கடனை அவர் செலுத்திவிட்டதாக அக்கல் தெரிவிக்கிறது. இன்று தென் பிரான்சில் ஆரஞ்சு என வழங்கும் ஊரின் பழம்பெயரும் அதில் உண்டு. வெயில் அருகிய குளிர்நாட்டில், பிறந்த மண்ணினும் வேறான ஓர் ஊரில், போர்க்களங்களைக் கடந்து முதுமை எய்திய ஒருவர், வேண்டிக்கொண்டதைச் செலுத்திக் கடன் தீர்த்தார். அவர் என்ன வேண்டினார் என்பது கல்லில் இல்லை. கொடுத்ததைச் சொல்லி, பெற்றதைத் தம் உள்ளத்தோடு வைத்துக்கொண்டார்.

மித்திரன் என்னும் பெயர்

அக்கோயிலின் தெய்வம் மித்திரர். உரோமர் வாக்கில் மித்ராஸ். இப்பெயர் இங்கு அமர்ந்திருக்கும் அன்பர் பலருக்கும் புதிதன்று. இருக்கு வேதத்தில் மித்திரனைப் போற்றும் சூக்தம் உண்டு. காலைச் சந்தியா வந்தனத்தில் அவனை முன்னிட்ட மந்திரத்தை நாள்தோறும் ஓதுவோரும் உண்டு. நட்புக்கும் சொல் பிறழாமைக்கும் உரிய தேவன் அவன். பாரசீகரின் அவெஸ்தா நூலிலும் மித்ர என்னும் தேவன் உடன்படிக்கைகளின் காவலனாக விளங்குகிறான். கி.மு. பதினான்காம் நூற்றாண்டில் மிட்டன்னி நாட்டு மன்னன் ஒருவன் இட்டைட்டு மன்னனோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோர் சான்றாக அழைக்கப்படுகின்றனர்.

பெயர் ஒன்றாயினும் வழிபாடு ஒன்று என்று சொல்லிவிடலாகாது. உரோமப் பேரரசில் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய மித்ராஸ் வழிபாடு, பழைய பெயரைத் தாங்கிப் புதிதாய் உருவானது என்பதே பெரும்பாலான அறிஞர் கொள்கை. போர்வீரரும் வணிகரும் அரசு அலுவலரும் அதில் சேர்ந்தனர், மகளிர்க்கு இடமில்லை. சேர்ந்தவர் ஏழு படிநிலைகளைக் கடக்க வேண்டும். காகம் என்பது முதல் நிலை, தந்தை என்பது முடிந்த நிலை. குகை போன்ற இருண்ட கூடத்தில் விளக்கொளியில் கூடி, ஒன்றாய் அமர்ந்து உண்டனர். மறைபொருளை வெளியே சொல்வதில்லை என்னும் உறுதியை அவர்கள் காத்தனர். அவர்களுடைய திருநூல் எதுவும் இன்று கிடைத்திலது. கல்லும் மண்ணுமே அவ்வழிபாட்டின் ஏடுகள். ஆகவே ஒரு மித்ராஸ் கோயிலை மண்ணோடு சேர்த்துப் படிக்காமல் அழிப்பது, ஓதி முடியாத சுவடியைத் தீயில் இடுவது போன்றதாகும்.

காத்து நின்ற கூட்டம்

1954 செப்டம்பர் 18, சனிக்கிழமை. அகழாய்வுக்கு அளித்த தவணையின் கடைசி நாள் அதுவே. அன்று மண்ணிலிருந்து ஒரு சலவைக்கல் தலை வெளிவந்தது. இளமை ததும்பும் முகம், மேல்நோக்கிய கண்கள், முனை மடிந்த கூம்புக் குல்லாய். அக்குல்லாய் கண்டு அது மித்ராஸின் திருமுகமே என்று தெளிந்தனர். கோயில் எந்தத் தெய்வத்தினது என்னும் ஐயமும் அன்றே தீர்ந்தது.

மறுநாள் காலைச் செய்தித்தாளில் அம்முகத்தின் படம் வெளியாயிற்று. மக்கள் திரண்டனர். போர் முடிந்து ஒன்பது ஆண்டு கழிந்தும் இடிபாடுகள் முற்றும் அகலாத நகரம் அது. உணவுப் பங்கீடு முழுவதும் நீங்கியதே அவ்வாண்டு சூலையில்தான். அலுவலகம் முடிந்து வந்தோரும், பிள்ளைகளைக் கைப்பிடித்து வந்த தாய்மாரும் வரிசையில் நின்றனர். ஒழுங்கு செய்யக் காவலர் வர நேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அங்கு வந்து கண்டவர் 4 இலட்சம் பேர் என்பது கணக்கு. அவர்கள் கண்டது பொற்சிலையும் அன்று, கோபுரமும் அன்று. சேற்றுப் பள்ளத்தில் இடுப்பளவு உயர்ந்த சுவர்கள். தங்கள் ஊர் இடிந்ததைக் கண்ணால் கண்ட மக்கள், இதற்கு முன்பும் இவ்வூர் எரிந்தும் பாழ்பட்டும் எழுந்தது என்பதை அப்பள்ளத்தில் கண்டனர். அதுவே அவர்களை ஈர்த்தது போலும்.

அகழ்வு தொடர்ந்தது. மினெர்வா என்னும் அறிவுத் தேவியின் தலை. தலைமேல் தானியம் அளக்கும் மரக்கால் தாங்கிய எகிப்தியத் தெய்வம் செராபிசின் தலை. வணிகர் தெய்வமாகிய மெர்க்குரி அமர்ந்த சிற்பம் எனப் பல உருவங்கள் புதைத்த இடத்திலேயே கிடைத்தன. ஒரு சிறு கூடத்தில் பாரசீகப் பெயர் கொண்ட தெய்வம், எகிப்தியத் தெய்வம், உரோமத் தெய்வம் யாவும் ஒருங்கிருந்தன. இவற்றைப் புதைத்தவர் யார்? கிறித்தவ சமயம் ஓங்கிய காலத்தில் பகைவர் கைப்படாமல் அடியாரே காத்து வைத்தனர் என்பர் சிலர். வழிபாடு மாறியபோது பழைய உருவங்களை மதிப்போடு மண்ணுக்கு அளித்தனர் என்பர் வேறு சிலர். எதுவாயினும், உடைத்து வீதியில் எறியாமல் கோயில் தரைக்கடியிலேயே வைத்த கை அன்புடைய கையே.

இடம் பெயர்ந்த கற்கள்

கோயிலை அங்கேயே காக்க வேண்டும் என்னும் குரல் நாடெங்கும் எழுந்தது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் பிறந்தன. பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் அமைச்சரவையே இதனை ஆராய்ந்தது. ஆனால் அவ்விடத்தில் எழவிருந்ததோ பெரிய அலுவலகக் கட்டடம். கட்டட அமைப்பை மாற்றினால் உரிமையாளருக்கு அரசு பெருந்தொகை ஈடு தர நேரும். போரில் நலிந்த அரசுக்கு அத்தொகையை ஒதுக்க மனம் வரவில்லை. வீடும் அலுவலகமும் வேண்டி நின்ற நகரத்தில் அத்தயக்கத்தை எளிதில் குறைகூற இயலாது. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கோயிலைப் பிரித்து எடுத்து, வேறிடத்தில் மீண்டும் அடுக்குவது.

1962-இல் அவ்வாறே செய்தனர். மூல இடத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி தொலைவில், விக்டோரியா அரசி வீதியில், ஒரு மேடைமீது அக்கற்கள் அடுக்கப்பட்டன. கீழே வண்டிகள் நிறுத்தும் நிலவறை. மண்ணுக்கடியில் இருண்டிருந்த கோயில், திறந்த வெளியில் தெரு மட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. உரோமர் கையாண்ட சுண்ணச் சாந்துக்கு மாறாகச் சிமெண்டு பூசினர். நடுக்கூடத்தின் மரத் தரை இருந்த இடத்தில், தோட்டத்து நடைபாதையில் பதிப்பது போல ஒழுங்கற்ற கல் துண்டுகளைப் பதித்தனர். யாவற்றினும் மேலாக, கிழக்கு மேற்காக இருந்த கோயிலை வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டனர்.

மித்ராஸ் கோயிலில் ஞாயிறும் போற்றப்பட்டது. அக்கோயிலில் கிடைத்த நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டொன்று, மித்ராசையும் வெல்லப்படாத ஞாயிற்றையும் கிழக்கு முதல் மேற்கு வரை எனக் கூறிப் போற்றுகிறது. அத்தகைய கோயிலுக்குத் திசையே உயிர். அதைத் திருப்பிய பின்பு கற்கள் பழையனவாயினும் கோயில் பழையதன்று. கிரைம்சும் அவ்வமைப்பைக் கண்டு மனம் ஒப்பவில்லை. ஒரு மித்ராஸ் கோயிலைக் காட்டும் அமைப்பாக அதற்குப் பொருளில்லை என்பதே அவர் கருத்து. நூற்றுக்கணக்கானோர் நாள்தோறும் அதைக் கடந்து சென்றனர். நின்று கண்டவர் சிலரே. 4 இலட்சம் பேரை ஈர்த்த அதே கற்கள், ஈரமும் ஆழமும் திசையும் இழந்து, கண்ணுக்கு முன்னே இருந்தும் காணாப் பொருளாயின.

தன் இடம் திரும்பிய கோயில்

போருக்குப் பின் எழுந்த அலுவலகக் கட்டடமும் தன் காலம் முடிந்து இடிக்கப்பட்டது. 2010-இல் அந்நிலம் புளூம்பர்க் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்நிறுவனம் தன் புதிய மாளிகையைக் கட்டுமுன் நிலத்தை ஆராய, இலண்டன் அருங்காட்சியகத்து அகழாய்வுப் பிரிவினர் 2010 முதல் 2014 வரை அங்கே பணி செய்தனர். 14,000-க்கு மேற்பட்ட பொருள்கள் வெளிப்பட்டன. ஓடையின் ஈரம் காற்றைப் புகவிடாமல் தடுத்ததால், மரமும் தோலும் மட்காமல் இருந்தன. உரோமர் அணிந்த தோற்காலணிகள் மட்டும் ஏறத்தாழ 250.

யாவற்றினும் அரியவை எழுத்துப் பலகைகள். மரப்பலகையில் குழித்து, கரிய மெழுகு பூசி, இரும்பு எழுத்தாணியால் எழுதுவது அக்கால வழக்கம். மெழுகு உதிர்ந்துபோயினும், ஆணி அழுந்திய கீறல்கள் மரத்தில் எஞ்சின. கிடைத்த பலகைகள் 405. அவற்றை ரோஜர் டாம்லின் என்னும் அறிஞர் படித்து 2016-இல் வெளியிட்டார். ஒன்று கி.பி. 57 சனவரி 8-ஆம் நாள் எழுதிய கடன் முறி. பிரித்தானியத் தீவில் நாள் குறித்துக் கிடைத்த கையெழுத்துகளில் அதுவே மிகப் பழையது. விடுதலை பெற்ற அடிமை ஒருவர், விடுதலை பெற்ற மற்றோர் அடிமைக்கு 105 தினாரி தர வேண்டும் என்கிறது அது. மற்றொன்று கி.பி. 62 அக்டோபரில் எழுதிய ஒப்பந்தம்: வெருலாமியம் என்னும் ஊரிலிருந்து இருபது சுமை உணவுப்பொருளை நவம்பர் 13-க்குள் இலண்டன் கொணர வேண்டும். பூடிக்கா இவ்விரு ஊர்களையும் எரித்து ஓரிரு ஆண்டுகளே கழிந்திருந்தன. சாம்பல் ஆறுமுன்னே மக்கள் வணிகத்தைத் தொடங்கிவிட்டனர். இன்னொரு பலகையில் எழுத்துகள் வரிசையாக எழுதிப் பழகியவை உள்ளன. எழுதப் பழகியவர் கைவேலை.

1962-இல் அடுக்கிய கோயிலை 2011-இல் மீண்டும் பிரித்தனர். ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த சிமெண்டை அகற்றினர். புதிய மாளிகையின் அடியில், தெருவுக்கு ஏறத்தாழ 23 அடி கீழே, கிழக்கு மேற்கான திசையிலேயே கோயிலை நிறுவினர். மூலச் சுவர்களில் மண்ணிலேயே எஞ்சிய பகுதிகள் சிதையாதிருக்கும் பொருட்டுச் சற்று விலகிய இடம் தேர்ந்தனர். சுண்ணச் சாந்தே பூசினர். 2017 நவம்பரில் மக்கள் கண்டுகளிக்கத் திறந்துவைத்தனர்.

திருத்தமாக அமைக்க முடிந்தது எதனால்? கிரைம்ஸ் 1954-இல் வரைந்து வைத்த படங்களாலும் எழுதி வைத்த குறிப்புகளாலும். இன்னொன்றும் உண்டு. அந்நாளில் வரிசையில் நின்றவர்களை ஆய்வாளர் தேடிக் கேட்டனர். சிறு பிள்ளைகளாய் வந்து பார்த்தவர்கள் முதியோராய் வந்து தாம் கண்டதைச் சொன்னார்கள். தம் வீட்டில் வைத்திருந்த படங்களையும் அளித்தார்கள். கல் திசை மாறிக் கிடந்த காலமெல்லாம் கோயிலின் உண்மையுருவம் ஏட்டிலும் மக்கள் நினைவிலும் மாறாமல் இருந்தது.

திருப்பணி செய்வோர்க்கு

அன்பர்களே! அந்த வால்புரூக் ஓடையை ஒட்டியே புனித ஸ்டீவனின் தேவாலயமும் உண்டு. இடைக்காலத்தில் ஓடையின் மேற்கே இருந்த அது, பதினைந்தாம் நூற்றாண்டில் கிழக்கே இடம் மாறியது; 1666-இன் தீயில் அழிந்தது; கிறிஸ்தோபர் ரென் என்னும் கட்டடக் கலைஞர் 1672 முதல் 1679 வரை அதனைக் குவிமாடத்தோடு மீண்டும் கட்டினார். இரண்டாம் உலகப் போரில் சேதமுற்றுப் பின்னும் செப்பனிடப்பட்டது. இடம் மாறியும் அது கோயிலாகவே இருந்தது. ஏனெனில் இடம் மாற்றியவர்கள் அங்கே தொழுதவர்களே. தொழுவோர் தம் அன்போடு எடுத்துச் செல்லும்போது கோயில் உடன் செல்கிறது. தொழுவோரும் இன்றி, அறிந்தோர் சொல்லும் கேளாது கல்லை மட்டும் எடுத்துச் செல்லும்போது கோயில் பின்தங்கிவிடுகிறது. முதலில் எழுப்பிய வினாவுக்கு இவ்விரு கோயில்களும் விடை தருகின்றன. கல்லும் நிலமும் நினைவும் ஒன்றையொன்று தாங்குவன; மூன்றில் எது குறையினும் மற்ற இரண்டும் தளரும்.

பழங்கோயிலைப் புதுப்பிப்பது பெரும் புண்ணியம். அப்புண்ணியத்தோடு ஒரு கடமையும் இணைந்து வருகிறது. தரையை உயர்த்துமுன் பழைய தரை எங்கிருந்தது என்று குறித்துக்கொள்வது அக்கடமை. பிரிக்கும் கல்லுக்கு எண் இடுவது, எழுத்துள்ள கல்லைத் தளத்தில் கவிழ்த்துப் பாவாதிருப்பது, அடித்தளம் தோண்டும்போது வெளிப்படும் ஓடும் காசும் எந்த ஆழத்தில் கிடந்தன என்று ஏட்டில் எழுதுவது, ஊர்ப் பெரியோர் சொல்லும் பழஞ்செய்தியைக் கேட்டுப் பதிவு செய்வது யாவும் அதில் அடங்கும். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பொறுமையும் கவனமும் போதும். ஏட்டில் எழுதாமற்போன எந்தத் திருப்பணியும் அடுத்த திருப்பணியாளரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்கு ஒப்பாகும்.

உல்பியசு சில்வானசு தம் நேர்த்திக்கடனைச் செலுத்திய நாளில், அவர் நின்ற கூடம் மண்ணுக்குள் மறையும் என்று எண்ணியிருக்க மாட்டார். அவர் சமயம் மறைந்தது. அவர் பேசிய மொழி பேச்சு வழக்கில் மாறிப்போயிற்று. அவர் பணிந்த பேரரசும் வீழ்ந்தது. பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து மண் திறந்தபோது, அவர் கொடுத்த கல் அவர் பெயரைச் சொன்னது. கொடுத்தவர் மறையலாம், அன்போடு கொடுத்ததை மண்ணும் மறைத்து வைத்துத் திருப்பித் தரும். அதனை வாங்கிக்கொள்ளத் தகுதியுடையோராய் இருப்பதே பின்வருவோர் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடன்.